வயிற்றில் ஒரு வாசல் வைக்கும்போது

நம் ஊர்ப் பக்கங்களில் வீட்டுக்கு வாசற்கால் நிறுத்துவது பெரிய காரியம். மூத்தாசாரியை அழைத்து வந்து கோல் பிடித்துப் பார்க்கச் சொல்கிறோம். நாள் பார்க்கிறோம். இடவப்பாதி மழையின் சாரல் எந்தப் பக்கம் அடிக்கும், முற்றத்துத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்றெல்லாம் யோசித்த பிறகுதான் நிலை ஏறுகிறது. ஒரு மனிதனின் வயிற்றில் வாசல் வைக்கும்போது மட்டும் இந்த யோசனை வேண்டாமா?

என் அக்காவின் கணவரால்தான் இந்தக் கேள்வி எனக்கு எழுந்தது. அவர் வயிற்றில் இரண்டு முறை வாசல் வைத்தார்கள். முதல் வாசல் மூன்று மாதத்தில் மூடிப்போயிற்று. இரண்டாவது வாசல் 2019-ல் வைத்தது; இன்றும் திறந்திருக்கிறது. இரண்டுக்கும் இருந்த வித்தியாசம் மருந்திலோ, மருத்துவமனைக் கட்டடத்தின் உயரத்திலோ இல்லை. வாசல் வைப்பதற்கு முந்தின நாள் மாலையில் செலவான அரைமணி நேரத்திலும், வைத்த கையின் கவனத்திலும்தான் இருந்தது. நான் மருத்துவன் அல்லன். ஆனால் இரண்டு முறையும் கூடவே இருந்தவன். பிறகு மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டவற்றை நமது அன்பர்களுக்குச் சொல்லவே இதை எழுதுகிறேன். சர்க்கரை நோயும் ரத்தக்கொதிப்பும் இல்லாத வீடு நம்மில் குறைவு. சிறுநீரகம் அவற்றின் பின்னாலேயே போகிற உறுப்பு.

எல்லையில் ஒரு தறி

அத்தான் நெசவாளர். நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் நடுவே ஒரு கிராமத்தில், வீட்டை ஒட்டிய ஓலைச் சாய்ப்பில் இரண்டு குழித்தறிகள் வைத்திருந்தார். திருவிதாங்கூர் மன்னர் பாலராம வர்மா காலத்தில் (1798–1810) தெற்கேயிருந்து அழைத்துவரப்பட்ட சாலியர் குடும்பங்களால் பாலராமபுரம் நெசவுக்குப் பெயர் பெற்றது. அந்தத் தொழில் சுற்றியுள்ள கிராமங்களுக்கும் பரவியது. கரை வேட்டியும் நேரியதும் நெய்யும் கை இன்னும் அங்கங்கே இருக்கிறது.

எங்கள் குடும்பம் எல்லைக்கு இரண்டு பக்கமும் கிடக்கிறது. 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நின்றது. சந்தைக்குக் களியக்காவிளை, கோர்ட்டுக்கு நெய்யாற்றின்கரை, கல்யாணத்துக்கு இரண்டு பக்கமும் என்பதுதான் எங்கள் வாழ்க்கை. நோய் வந்தபோதும் அப்படித்தான் இரண்டு பக்கமும் ஓடினோம்.

பல வருடச் சர்க்கரை நோய் அத்தானின் சிறுநீரகங்களைக் கெடுத்துவிட்டது. முதலில் ரத்தத்தை இயந்திரத்தில் சுத்திகரிக்கும் ஹீமோடயாலிசிஸ் செய்தார்கள். வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம். போகவர, காத்திருக்க, திரும்பி வந்து தளர்ந்து படுக்க என்று அந்த மூன்று நாளும் தறி ஓடாது. மறுநாளும் பாதிதான் ஓடும். அப்போதுதான் வீட்டிலிருந்தே செய்துகொள்ளக்கூடிய வயிற்று டயாலிசிஸ் பற்றி ஒரு மருத்துவர் சொன்னார்.

தண்ணீர் மாற்றும் வைத்தியம்

நம் குடலையும் மற்ற உறுப்புகளையும் சுற்றி, வயிற்றின் உட்சுவரையும் மூடி, பெரிட்டோனியம் என்ற மெல்லிய உறை இருக்கிறது. விரித்துப் பார்த்தால் அதன் பரப்பு ஏறக்குறைய நம் தோலின் பரப்புக்குச் சமம். அதில் நுண்ணிய ரத்தக்குழாய்கள் நிறைந்திருக்கின்றன. வயிற்றுக்குள் இரண்டு லிட்டர் அளவுக்குச் சர்க்கரை கலந்த சுத்தமான திரவத்தை விட்டு நான்கைந்து மணி நேரம் வைத்திருந்தால், ரத்தத்திலுள்ள கழிவும் அதிகப்படி நீரும் அந்த உறை வழியாகத் திரவத்துக்கு வந்துவிடும். பிறகு அதை வடித்துவிட்டுப் புதிய பையை ஏற்ற வேண்டும். ஒரு நாளில் மூன்று அல்லது நான்கு தடவை இப்படிச் செய்ய வேண்டும். இயந்திரமும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். பை உயரத்தில் தொங்கினால் உள்ளே இறங்கும். கீழே வைத்தால் வெளியே வடியும்.

1923-ல் ஜெர்மனியில் கியார்க் கான்டர் இதை மனிதரிடம் முயன்றார். ஆனால் பல காலம் இது நிலைக்கவில்லை. காரணம், உள்ளே போகிற வழி. ஒவ்வொரு தடவையும் வயிற்றைப் புதிதாகக் குத்த வேண்டியிருந்தது. 1968-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஹென்றி டென்காஃப், மிருதுவான சிலிக்கோன் குழாயில் இரண்டு டாக்ரான் வளையங்களை ஒட்டி, உடம்பிலேயே நிரந்தரமாக வைக்கக்கூடிய குழாயை உருவாக்கினார். நெய்த துணி போன்ற அந்த வளையத்துக்குள் உடம்பின் தசைநார் வளர்ந்து இறுகிக்கொள்ளும். குழாய் நகராது, கிருமியும் எளிதில் நுழையாது. இன்று உலகமெங்கும் வைக்கப்படும் குழாய்கள் பெரும்பாலும் அதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான். 1976-ல் டெக்ஸாசில் பப்போவிச்சும் மான்கிரீஃபும் நாள் முழுதும் திரவத்தை வயிற்றில் வைத்திருக்கும் இன்றைய முறையை வகுத்தார்கள். இந்தியாவில் இம்முறை 1991-ல் தொடங்கியது. சென்னையைச் சேர்ந்த டாக்டர் ஜார்ஜி ஆபிரகாம் இதில் முன்னோடி.

ஆக, இந்த வைத்தியத்தின் உயிர் அந்த ஒரு குழாயில்தான் இருக்கிறது. குழாய் கெட்டால் வைத்தியமே நின்றுவிடும்.

முதல் வாசல்

2018-ல் ஒரு மருத்துவமனையில் முதல் குழாய் வைத்தார்கள். அதன் பெயர் இங்கே வேண்டாம். யாரையும் குறை சொல்வது என் நோக்கம் அல்ல. காலையில் உள்ளே அழைத்துச் சென்றார்கள், மதியம் வெளியே கொண்டு வந்தார்கள். தொப்புளுக்குப் பக்கத்தில், வேட்டியை இறுக்கி மடிக்கும் அதே கோட்டில் குழாய் வெளியே வந்திருந்தது. அது சரியா தவறா என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

ரத்தத்தில் யூரியா ஏறியிருந்ததால் நான்காம் நாளே முழு அளவு திரவம் ஏற்றினார்கள். இரண்டு நாளில் கட்டு நனைந்தது. "வேர்வையாக்கும்" என்றார் அத்தான். அது வேர்வையல்ல, கசிவு. சில நாள் நிறுத்தி வைத்து மறுபடி தொடங்கினார்கள். ஒரு மாதம் கழித்து, ஏற்றினால் ஏறுகிறது, வடித்தால் வடியவில்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், இடுப்புக் கூட்டின் அடியில் இருக்க வேண்டிய குழாய் முனை விலா எலும்புக்குக் கீழே போய் உட்கார்ந்திருந்தது. பேதி மருந்து கொடுத்தார்கள். கம்பி விட்டுத் திருப்பினார்கள். இரண்டு வாரம் சரியாக ஓடியது, மறுபடி மேலே போயிற்று.

இதற்கிடையில் தறியில் உட்காருவதையும் அவர் விடவில்லை. குழித்தறியில் நெய்பவர் தரைமட்டத்தில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டு மிதிக்கட்டையை மிதிப்பார். நெய்த துணியைச் சுற்றும் படமரம் அவருக்கு எதிரே வயிற்றை ஒட்டி நிற்கும். குனிந்து நாடாவை ஓட்டும் ஒவ்வொரு முறையும் படமரம் அந்த இடத்தில் இடித்தது. வேட்டி மடிப்பும் உரசியது. குழாய் வெளியே வரும் துளை சிவந்தது, சீழ் கட்டியது. ஒரு நாள் அதிகாலையில் வடிந்த திரவம் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வெளுத்திருந்தது. அக்கா என்னைக் கூப்பிட்டு, "தம்பி, தண்ணி கலங்கியிருக்கு, அவருக்கு வயிறு தொட முடியல்ல" என்றாள். வயிற்று உறையிலேயே தொற்று. குழாயை எடுத்துத்தான் உயிரைக் காப்பாற்றினார்கள்.

மறுபடி இயந்திரம், மறுபடி வாரம் மூன்று நாள். அந்த மாதங்களில் இரண்டு தறியில் ஒன்றை விற்றார்கள்.

குழாய் ஏன் கெடுகிறது?

அத்தானுக்கு வந்தவை அபூர்வமான தொல்லைகள் அல்ல. இந்தக் குழாய்க்கு வரும் பெரிய தொல்லைகள் ஐந்து என்று வைத்துக்கொள்ளலாம்.

முதலாவது கசிவு. குழாய் நுழைந்த இடத்தில் தசை இறுகுவதற்கு முன்பே திரவத்தை நிரப்பினால், பக்கவாட்டில் வழி கண்டுபிடித்து அது வெளியே வரும். இரண்டாவது, முனை இடம் மாறுதல். நேராக வார்த்த சிலிக்கோன் குழாயை வளைத்து வைத்தால், அது தன் பழைய வடிவத்தையே நினைத்துக்கொண்டிருக்கும். மெல்ல மெல்ல நிமிரப் பார்க்கும். மூன்றாவது, கொழுப்புத் திரை. ஆட்டிறைச்சிக் கடையில் குடலின் மேல் வலை போலப் படர்ந்த கொழுப்பைப் பார்த்திருப்பீர்கள். மனித வயிற்றிலும் ஓமெண்டம் என்ற அந்தத் திரை தொங்குகிறது. சிலருக்கு அது இடுப்புக் கூடு வரைக்கும் இறங்கியிருக்கும். அந்நியப் பொருள் எதைக் கண்டாலும் போய்ச் சுற்றிக்கொள்வது அதன் சுபாவம். குழாயின் துளைகளை அடைத்துவிடும். நான்காவது, முந்தைய அறுவை சிகிச்சைகளால் குடலும் சுவரும் ஒட்டிக்கொண்டிருப்பது. ஐந்தாவது, வெளித்துளையில் வரும் புண்ணும், அது உள்ளே பரவி வரும் தொற்றும்.

இவற்றோடு மலச்சிக்கலையும் சொல்ல வேண்டும். நிறைந்த குடல் குழாயை நெருக்கும், நகர்த்தும். தண்ணீர் வடியவில்லை என்றால் மருத்துவர் முதலில் கேட்கும் கேள்வியே இதுதான்.

இந்தத் தொல்லைகள் வந்த பிறகு சரிசெய்வது கடினம். வராமல் தடுக்கும் வழிகளில் பெரும்பாலானவை குழாய் வைக்கும் அன்றே செய்யப்பட வேண்டியவை. இதை எங்களுக்கு விளங்க வைத்தவர் இரண்டாவது மருத்துவமனையின் டாக்டரம்மா.

தறியில் உட்கார்ந்து காட்டுங்கள்

இந்த முறை எல்லைக்கு அந்தப் பக்கம் போனோம். அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் மாலை டாக்டரம்மா வார்டுக்கு வந்தார். ஸ்கேனைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் கேட்ட கேள்வி: "ஐயா, என்ன வேலை பாக்கறீங்க?"

"தறிக்காரனாக்கும். குழித்தறி."

"தறியில எப்படி உக்காருவீங்க? உக்காந்து காட்டுங்க."

அத்தான் விழித்தார். பிறகு கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தார். நோயாளிக்குச் சாப்பாடு வைக்கும் மேசையை இழுத்து வந்து படமரமாக நிறுத்தினோம். முன்னால் குனிந்து கையை வீசிக் காட்டினார். "இங்கன இடிக்கும், டாக்டரம்மா" என்று தொப்புளுக்கு நேரே தொட்டார்.

"இப்ப எழுந்து, வழக்கமா கட்டுற மாதிரி வேட்டியை கட்டிக்கிட்டு நில்லுங்க." நின்றார். அந்தக் கோட்டையும் அவர் பார்த்துக்கொண்டார். படுக்கச் சொன்னார், உட்காரச் சொன்னார், நிற்கச் சொன்னார். கடைசியில் வேட்டிக் கோட்டுக்குக் கீழே, இடது பக்கத்தில், தோல் மடியாத ஒரு இடத்தில் மைப் பேனாவால் ஒரு புள்ளி வைத்தார். "இது உங்களுக்குக் குனிஞ்சு பார்த்தா தெரியுதா?" என்று கேட்டார். தெரிகிறது என்றார் அத்தான். "அப்ப சரி. தினமும் நீங்கதானே இதைப் பாத்துக்கணும்."

அடுத்த கட்டிலில் ஒரு அம்மாள் இருந்தார். அவரிடம் சேலையைக் கட்டி உள்பாவாடை நாடா எங்கே இறுகுகிறது என்று காட்டச் சொன்னார். பருத்த உடம்புக்காரராதலால் தொப்பை மடிப்பின் கீழே வைத்தால் அவருக்குக் கண்ணுக்கே தெரியாது, வேர்வையும் தங்கும். அத்தகையவர்களுக்கு நீளமான குழாய் சேர்த்து, துளையைத் தொப்புளுக்கு மேலே, தேவைப்பட்டால் மார்புப் பகுதியிலேயே வைக்கும் முறையும் உண்டு என்று விளக்கினார்.

அன்று இரவு பேதிக்கு மருந்து கொடுத்தார்கள். கிருமிநாசினிச் சோப்பு போட்டுக் குளிக்கச் சொன்னார்கள். காலையில் சிறுநீர்ப்பையைக் காலி செய்துவிட்டு வரச் சொன்னார்கள். நிறைந்த பை குத்துப்பட்டுவிடக் கூடாது. சிகிச்சைக்குச் சற்று முன்பு ஆன்டிபயாடிக் ஊசி ஒரு வேளை போட்டார்கள். இவை எல்லாம் சின்ன விஷயங்கள். ஆனால் முதல் முறை இவற்றில் எத்தனை நடந்தது என்று என்னால் நினைவுகூர முடியவில்லை.

கத்தியும் தையலும்

அறுவை அறையில் நடந்ததை மறுநாள் டாக்டரம்மா ஒரு காகிதத்தில் வரைந்து காட்டினார். லேப்ராஸ்கோப் என்ற சிறு கேமராக் குழலை உள்ளே விட்டு, பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார்.

வயிற்றின் நடுக்கோட்டில் தசை இல்லை. அங்கே நுழைத்தால் கசிவுக்கும் குடலிறக்கத்துக்கும் இடம் கொடுத்ததாகும். எனவே நடுக்கோட்டை விட்டுத் தள்ளி, நேர்த்தசை வழியாக நுழைத்தார். அதுவும் நேர் குத்தாக அல்ல. தசையின் உறைக்குள் நான்கு முதல் ஆறு சென்டிமீட்டர் நீளத்துக்குக் கீழ்நோக்கிச் சாய்வாக ஒரு சுரங்கம் போல வழி செய்து, அதன் வழியே குழாயை இடுப்புக் கூட்டுக்குள் இறக்கினார். நீண்ட சுரங்கம் குழாயின் முகத்தைக் கீழே பார்க்கவே வைக்கும். மேலே திரும்ப நினைத்தாலும் முடியாது. உள் வளையம் தசைக்குள்ளேயே நிற்கிறது. திறந்து செய்யும் அறுவை சிகிச்சையில் உறையின் துளையைச் சுற்றி ஒரு தையல் போட்டு இழுத்து இறுக்குவார்கள். பாட்டிமார் வைத்திருந்த சுருக்குப் பையின் வாயை இழுப்பது போலத்தான்.

அடுத்தது கொழுப்புத் திரை. அத்தானுக்கு அது நீளமாக இடுப்பு வரை தொங்கியது. முதல் குழாய்க்கு எமனாக வந்ததில் அதற்கும் பங்கு இருந்திருக்கலாம். அதை வெட்டி எடுக்காமல், மேலே தூக்கி வயிற்றின் மேற்சுவரோடு ஓரிரு தையலில் நிறுத்திவிட்டார். ஜன்னல் திரையை மேலே சுருட்டிக் கட்டுவதுபோல. எல்லோருக்கும் இது தேவையில்லை, தொங்கினால்தான். பழைய தொற்றினால் ஓரிடத்தில் குடல் சுவரோடு ஒட்டியிருந்ததையும் பிரித்துவிட்டார். குடலிறக்கம் இருந்திருந்தால் அதையும் அதே நேரத்தில் தைத்துவிடுவது நல்லதாம். பின்னால் இரண்டு லிட்டர் தண்ணீரின் பாரம் அதைப் பெரிதாக்கிவிடும்.

வெளியே வரும் பகுதிக்கும் கணக்கு இருக்கிறது. துளையின் வாய் பக்கவாட்டிலோ கீழ்நோக்கியோ இருக்க வேண்டும். மேல்நோக்கி இருந்தால் வேர்வையும் குளித்த தண்ணீரும் அழுக்கும் அதற்குள் இறங்கித் தங்கும். அத்தானுக்கு அன்னக் கழுத்துக் குழாய் வைத்தார். 1985-ல் மிசூரியில் டாக்டர் துவார்தோவ்ஸ்கி வடிவமைத்தது இது. வளைவாகவே வார்க்கப்பட்டதால், இரண்டு முனையும் கீழே பார்த்தாலும் குழாய் நிமிர முயலாது. வெளி வளையம் துளையிலிருந்து இரண்டு முதல் நான்கு சென்டிமீட்டர் உள்ளே இருக்க வேண்டும். விளிம்பிலேயே இருந்தால் நாளடைவில் வெளியே பிதுங்கி, கிருமிக்குக் கூடாகிவிடும். துளை குழாயின் பருமனுக்கு மேல் பெரிதாக இருக்கக் கூடாது. துளையின் வாயில் தையல் போடவும் கூடாது. தையல் நூலைப் பிடித்துக்கொண்டு சீழ் உண்டாகும். இந்தக் கடைசி விஷயம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இழுத்துக் கட்டினால்தான் பத்திரம் என்று நாம் நினைக்கிறோம்; உடம்பு அப்படி நினைப்பதில்லை.

கடைசியாக, மேசையிலேயே திரவத்தை ஏற்றி வடித்துப் பார்த்துவிட்டுத்தான் மூடினார்.

அதற்குப் பிறகு பொறுமை. இரண்டு வாரம் குழாயைத் தொடவில்லை. அந்த நாட்களில் இயந்திர டயாலிசிசே தொடர்ந்தது. கட்டு நனைந்தாலோ ரத்தம் ஊறினாலோ தவிர முதல் வாரம் பிரிக்கவும் இல்லை. இரண்டு வாரம் காத்திருக்க முடியாத நிலை வந்தால், நோயாளியைப் படுக்க வைத்துக் குறைந்த அளவு திரவத்தில் தொடங்குவார்களாம்.

கேமரா இல்லாத இடத்தில்?

இவ்வளவையும் படித்துவிட்டு, லேப்ராஸ்கோப் இருக்கும் பெரிய மருத்துவமனைக்குத்தான் போக வேண்டுமோ என்று யாரும் கலங்க வேண்டாம். வயிற்றில் முன்பு அறுவை சிகிச்சை நடக்காதவர்களுக்கு, மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டு, ஊசியும் கம்பியும் கொண்டு சிறுநீரக மருத்துவரே குழாய் வைத்துவிடலாம். செலவும் காத்திருப்பும் குறைவு. திறந்து செய்யும் முறையும் நல்ல கையில் நன்றாகவே அமைகிறது.

சர்வதேச பெரிட்டோனியல் டயாலிசிஸ் சங்கம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டி, எந்த முறையானாலும் எட்ட வேண்டிய அளவுகோலைச் சொல்கிறது. கசிவுத் தடுப்பும் திரை தூக்கலும் சேர்ந்த லேப்ராஸ்கோப் முறையில், ஓராண்டு முடிவில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் குழாய்கள் அடைபடாமல் ஓட வேண்டும். மற்ற முறைகளில் எண்பதுக்கு மேல். முதல் முப்பது நாளுக்குள் வெளித்துளைத் தொற்று நூற்றுக்கு ஐந்துக்குக் கீழே இருக்க வேண்டும். வயிற்று உறைத் தொற்றும் அவ்வாறே. கையில் கருவி எது என்பதை விட, வைப்பவர் தன் கணக்கைத் தானே எழுதிப் பார்க்கிறாரா என்பதே முக்கியம் என்று நான் புரிந்துகொண்டேன். வேட்டிக் கோட்டைப் பார்த்துப் புள்ளி வைப்பதற்கு எந்தக் கேமராவும் தேவையில்லை.

அட்டை எந்தப் பக்கம்?

எல்லைக் கிராமங்களில் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. ரேஷன் அட்டை எந்த மாநிலத்துடையது? 2016-ல் அறிவிக்கப்பட்ட தேசிய டயாலிசிஸ் திட்டத்தில், 2019-ல் வயிற்று டயாலிசிசுக்கும் வழிமுறைகள் வகுக்கப்பட்டன. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் திரவப் பைகளை வீட்டுக்கே கொண்டு வந்து கொடுக்கும் ஏற்பாடு சேர்ந்தது. கேரளத்திலும் அரசு மருத்துவமனைகள் வழியாக வீட்டு டயாலிசிசுக்கு உதவும் திட்டம் வந்திருக்கிறது. அத்தானுக்குக் கேரள அட்டை. அந்தப் பக்கம் செய்த அறுவை சிகிச்சைக்குக் கைப்பணம்தான் கொடுத்தோம். விற்ற தறியின் பணத்தில் ஒரு பகுதி அதற்குத்தான் போயிற்று.

அதனால் எல்லைப்புறத்து அன்பர்கள் குழாய் வைப்பதற்கு முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும். எங்கே வைத்தால் எந்த உதவி கிடைக்கும், பைகள் எங்கிருந்து வரும், குழாயில் தொல்லை வந்தால் ராத்திரி யாரைக் கூப்பிடுவது என்ற மூன்றுக்கும் பதில் வாங்கிய பிறகு தேதி குறிப்பது நல்லது.

கேட்க வேண்டிய கேள்விகள்

நம் ஆட்கள் டாக்டரிடம் கேள்வி கேட்கத் தயங்குவார்கள். பணிவாகக் கேட்டால் எந்த நல்ல மருத்துவரும் கோபிப்பதில்லை. நான் கண்டவரையில் இவை கேட்கத் தகுந்தவை:

1. துளை எங்கே வரும்? வேட்டி அல்லது பாவாடை கட்டி, உட்கார்ந்தும் நின்றும் பார்த்துப் புள்ளி வைப்பீர்களா?

2. என் தொழில் இது. எனக்கு இடிபடும் இடம், பாரம் தூக்கும் பக்கம் இது. அதற்கு ஏற்ப மாற்ற முடியுமா?

3. எனக்கு முன்பு வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது, அல்லது குடலிறக்கம் இருக்கிறது. எனக்கு எந்த முறை பொருந்தும்?

4. கொழுப்புத் திரை தொங்கினால் என்ன செய்வீர்கள்?

5. முந்தின இரவு பேதி மருந்தும், காலையில் ஆன்டிபயாடிக் ஊசியும் உண்டா?

6. எத்தனை நாள் கழித்துத் திரவம் ஏற்றுவீர்கள்? அதுவரை என்ன வழி?

7. கட்டை யார், எப்போது பிரிப்பார்கள்?

8. திரவம் கலங்கினாலோ வடியாவிட்டாலோ எந்த எண்ணுக்குப் பேச வேண்டும்?

நம் பங்குக்கும் சில கடமைகள் உண்டு. மலச்சிக்கல் வர விடக்கூடாது. பை மாற்றும்போது கை கழுவி, முகத்தை மூடி, ஜன்னலை அடைத்து, விசிறியை நிறுத்த வேண்டும். எங்கள் பக்கத்து ஆண்களுக்குக் கஷ்டமான ஒன்று: குளத்திலும் ஆற்றிலும் முங்கிக் குளிப்பதை விட்டுவிட வேண்டும். அத்தான் நெய்யாற்றை இப்போது கரையில் நின்று பார்ப்பதோடு சரி.

கடைசியாக ஒரு காட்சி

நான்கு பைகள் வீதம் மாதத்துக்கு நூற்றிருபது பைகள். இருநூற்று நாற்பது லிட்டர் தண்ணீர். அந்தப் பெட்டிகளை எங்கே அடுக்குவது என்று அக்கா யோசித்தபோது, வீட்டில் காலியாக இருந்த இடம் ஒன்றே ஒன்றுதான். விற்ற தறியின் குழியைப் பலகை போட்டு மூடி, சாய்ப்புக்கு ஓட்டுக்கூரை போட்டு, அதன் மேல்தான் பெட்டிகள் இருக்கின்றன. பக்கத்தில் மற்றத் தறி. மருத்துவர் அனுமதித்த அளவுக்கு, காலையில் தண்ணீரை வடித்துவிட்டு, அத்தான் அதில் உட்கார்ந்து நெய்கிறார். படமரம் இடிக்கிற இடத்தில் இப்போது ஒரு பழைய தழும்பு மட்டும்தான் இருக்கிறது.

முதல் முறையே யாராவது "உட்கார்ந்து காட்டுங்கள்" என்று கேட்டிருந்தால், அந்தப் பலகைக்குக் கீழே இன்னும் ஒரு தறி ஓடிக்கொண்டிருக்கலாம். இனி நம் ஊரிலோ உறவிலோ யாருக்காவது வயிற்றில் வாசல் வைக்கச் சொன்னால், வாசகர்கள் அவர்களிடம் இந்தப் பக்கத்தைக் கொடுங்கள். மருத்துவமனைக்குப் போகும்போது வழக்கமாகக் கட்டுகிற வேட்டியையோ சேலையையோ கட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.